லீட்ஸில் ஒரு ஸ்பெயின்

சிரிக்கத் தெரிந்த தீவு: பிரிட்டிஷ் தொலைக்காட்சி ஹாஸ்யத்தின் வரலாறு
அத்தியாயம் 11

சென்ற அத்தியாயத்தில் டார்க்கீ என்னும் கடற்கரைப் பட்டணத்து விடுதிக்காரர் பாஸில் ஃபால்டியைச் சந்தித்தோம். தம் வாசலைத் தேடி வந்த ஜெர்மானிய விருந்தாளிகளிடம் அவர் நடந்துகொண்ட அழகையும், பார்ஸிலோனாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்து அவரிடம் அகப்பட்டுக்கொண்ட பரிசாரகன் மானுவெல் வாங்கிய அடிகளையும் பார்த்தோம். அங்கே அந்நியன் வந்தான். ஆங்கிலேயன் இருந்த இடத்திலேயே இருந்தான். இந்த அத்தியாயத்தில் அந்த ஏற்பாடு தலைகீழாகிறது. பெட்டியைக் கட்டிக்கொண்டு, முகவாயைச் சற்றே உயர்த்திக்கொண்டு, ஆங்கிலேயனே கடல் கடந்து புறப்படுகிறான். புறப்படுகிறான் என்று எழுதிவிட்டேனே தவிர, அவன் உண்மையிலேயே புறப்பட்டானா என்பதுதான் நாம் விசாரிக்க வேண்டிய கேள்வி.

இந்த விசாரணையைத் தொலைக்காட்சியிலிருந்து தொடங்குவது நியாயமாகாது. அந்நிய மண்ணில் ஓர் ஆங்கிலேயன் முகம் சுளிப்பதும், அந்தச் சுளிப்பைப் பார்த்து இன்னோர் ஆங்கிலேயன் சிரிப்பதும் அந்தத் தேசத்து இலக்கியத்தில் இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வழக்கம். வைத்தியமும் படித்தவரான டோபையாஸ் ஸ்மாலெட் என்ற நாவலாசிரியர், பிரான்ஸிலும் இத்தாலியிலும் சுற்றிவிட்டு வந்து, தம் பிரயாணக் கடிதங்களை 1766ஆம் ஆண்டில் புத்தகமாக வெளியிட்டார். சத்திரங்களில் அழுக்கு, சத்திரக்காரர்களிடம் வஞ்சகம் என்று போகிற இடமெல்லாம் குறை கண்ட அந்த மனிதருக்கு, ரோமாபுரியின் பாந்தியன் ஆலயம்கூட மேற்கூரை திறந்த பெரியதொரு சேவற்சண்டைக் கொட்டகையாகவே காட்சியளித்தது. இரண்டே ஆண்டுகளில், அதாவது 1768இல், லாரன்ஸ் ஸ்டெர்ன் என்ற பாதிரியார் தாமும் ஒரு பிரயாண நூல் எழுதி, அதில் ஸ்மாலெட்டுக்கு ‘ஸ்மெல்ஃபங்கஸ்’ என்று ஒரு பட்டப்பெயரைச் சூட்டினார். காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று நம் பெரியோர் சொல்வார்கள் அல்லவா? ஸ்டெர்னும் தம் பாத்திரத்துக்கு அந்தக் காமாலை நோயையே கற்பித்தார் என்பது, மனித சுபாவம் எல்லாத் தேசத்திலும் ஒன்றுதான் என்பதற்கு ஒரு சாட்சி. பின்னாளில் தொலைக்காட்சியில் நடமாடிய டம்பப் பிரயாணிகள் அத்தனை பேருக்கும் இந்த ஸ்மெல்ஃபங்கஸே கோத்திர மூலபுருஷன்.

ஸ்மாலெட் காலத்தில் கடல் கடந்தவன் பெரும்பாலும் பிரபுவின் பிள்ளையாகவோ, அந்தப் பிள்ளைக்குத் துணை போன ஆசிரியனாகவோ, உடல்நலத்தை முன்னிட்டுக் காற்று மாற்றம் தேடியவனாகவோ இருந்தான். அந்தப் பாதையைச் சாமானியனுக்குத் திறந்துவிட்டவர் ஒரு மதுவிலக்குப் பிரசாரகர் என்பது இந்தச் சரித்திரத்தின் முதல் விநோதம். தாமஸ் குக் மரச்சாமான் செய்யும் தொழில் கற்றவர். பாப்டிஸ்ட் சபையில் உபதேசம் செய்தவர். 1841ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் தேதி, லெஸ்டர் நகரத்திலிருந்து சுமார் 12 மைல் தொலைவிலுள்ள லஃப்பரோவில் நடந்த மதுவிலக்குக் கூட்டத்துக்கு, தலைக்கு ஒரு ஷில்லிங் வீதம் வாங்கிக்கொண்டு, சுமார் 500 பேரைத் தனி ரயிலில் அழைத்துச் சென்றார். குடியை மறக்கடிப்பதற்காகக் கிளம்பிய அந்த ரயில் கடைசியில் எங்கே போய் நின்றது என்பதைப் பின்னால் பார்ப்போம். இருபத்திரண்டு ஆண்டுகளுக்குள் குக்கின் கூட்டம் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் நின்றது. மறு ஆண்டு இத்தாலிக்குள் புகுந்தது.

அந்தக் கூட்டத்தைப் பார்த்து முதலில் பரிகசித்தவர்கள் இத்தாலியர்கள் அல்லர், ஆங்கிலேயர்களே என்பது கவனிக்கத்தக்கது. சார்லஸ் லீவர் என்ற நாவலாசிரியர், இத்தாலியத் துறைமுகம் ஒன்றில் பிரிட்டிஷ் உப ஸ்தானிகராக உத்தியோகம் பார்த்தவர், 1865இல் ஒரு பத்திரிகையில் புனைபெயரில் எழுதும்போது ஒரு விஷமமான வதந்தியைக் கிளப்பிவிட்டார். ஆஸ்திரேலியக் குடியேற்றங்கள் இனிமேல் கைதிகளை ஏற்க மாட்டோம் என்று மறுத்துவிட்டபடியால், பிரிட்டிஷ் சர்க்கார் அவர்களைக் குக் என்பவர் மூலமாக இத்தாலியில் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருக்கிறது என்பதே அந்த வதந்தி! இந்த வேடிக்கைக்கு அடியில் ஒரு நிஜமான எரிச்சல் இருந்தது. ஃப்ளாரென்ஸ் நகரத்துச் சித்திரசாலையில் தம் பக்கத்தில் தம் ஊர் மளிகைக் கடைக்காரரும் வந்து நின்று, அதே சித்திரத்தை அதே வழிகாட்டிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பார்க்கிறார் என்பதைக் கனவான்களால் சகிக்க முடியவில்லை. உல்லாசப் பிரயாணியைப் பற்றிய ஆங்கில ஹாஸ்யம் அந்த நாள் தொட்டு அந்நியரைப் பற்றியதாகவே இருந்ததில்லை. அது ஆங்கிலேயர் தங்களுக்குள் நடத்திக்கொண்ட அந்தஸ்து வழக்கு. வழக்கு விசாரணைக்குத்தான் அந்நிய தேசம் இடம் கொடுத்தது.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்தபின் அந்த வழக்கு லட்சக்கணக்கானவர்களுக்கு விரிந்தது. சம்பளத்தோடு கூடிய விடுமுறைக்கான சட்டம் 1938இலேயே நிறைவேறியிருந்தாலும், யுத்தத்தாலும் பங்கீட்டாலும் வாடிய ஜனங்கள் பிளாக்பூல் போன்ற உள்நாட்டுக் கடற்கரைகளைத் தாண்டி யோசிக்கவில்லை. மாஸ்கோவில் பிறந்து, லண்டனில் ராய்ட்டர் நிறுவனத்தில் வேலை பார்த்த விளாடிமிர் ரைட்ஸ் என்ற இளைஞர்தான் ‘ஹொரைஸன் ஹாலிடேஸ்’ என்ற கம்பெனியைத் தொடங்கி, 1950இல் கார்ஸிகா தீவின் கால்வி என்ற ஊருக்கு விமானத்தில் ஆட்களை அழைத்துப் போனார். விமானக் கட்டணம், கூடாரத்தில் படுக்கை, சாப்பாடு, திராட்சை மது எல்லாவற்றுக்கும் சேர்த்து 32 பவுன் 10 ஷில்லிங். ஆரம்பத்தில் மாணவர்களையும் ஆசிரியர்களையும் மட்டுமே ஏற்றிச் செல்லலாம் என்று சர்க்கார் நிபந்தனை விதித்தது. ஆனால் அணையில் விழுந்த சிறு கீறலுக்கு நிபந்தனை விதிக்க யாரால் முடியும்? அடுத்த இருபது ஆண்டுகளில் ஸ்பெயின் தேசத்து மீன்பிடி கிராமங்கள் வானளாவிய விடுதிகளாக உயர்ந்தன.

இதே இருபது ஆண்டுகளில் இன்னொன்றும் நடந்தது. சூரியன் அஸ்தமிக்காதது என்று வர்ணிக்கப்பட்ட சாம்ராஜ்யம் ஒவ்வொரு கொடியாக இறக்கிச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்பியது. 1966இல் ஹெரால்டு வில்ஸனின் சர்க்கார், அந்நியச் செலாவணியைக் காப்பாற்றும் பொருட்டு, ஸ்டெர்லிங் நாணய வட்டாரத்துக்கு வெளியே விடுமுறை போகும் பிரஜை 50 பவுனுக்குமேல் கொண்டுபோகக் கூடாதென்று கட்டுப்பாடு விதித்தது. எடுத்த தொகையைப் பாஸ்போர்ட்டிலேயே குறித்துக் கொடுத்தார்கள். மறு ஆண்டு பவுனின் மதிப்பே 2.80 டாலரிலிருந்து 2.40 டாலராகக் குறைக்கப்பட்டது. தகப்பனும் பாட்டனும் கவர்னராகவும் கலெக்டராகவும் தோட்டத் துரையாகவும் கால் வைத்த உலகத்தில், பிள்ளை கைப்பணத்தை எண்ணிக்கொண்டு வாடிக்கைக்காரனாகக் கால் வைத்தான். அதிகாரம் போய்விட்டது, அந்த அதிகாரத்துக்கென்று பழகிய குரல் மட்டும் தொண்டையை விட்டுப் போகவில்லை. பரிசாரகனைக் கைதட்டிக் கூப்பிடுவதும், தான் பேசும் ஆங்கிலம் அவனுக்குப் புரியாவிட்டால் அதையே இன்னும் உரக்கச் சொல்வதும், சமையலைச் சந்தேகத்துடன் முகர்ந்து பார்ப்பதும் அந்தக் குரலின் மிச்சங்கள். ஹாஸ்யகர்த்தாக்களுக்கு இதைவிட வளமான நிலம் வேறு வேண்டுமா?

ஆயினும் தொலைக்காட்சி அந்த நிலத்துக்குள் எச்சரிக்கையாகவே நுழைந்தது. பி.பி.சி.யின் இரண்டாவது அலைவரிசை தொடங்கிய 1964ஆம் ஆண்டின் டிசம்பரில், டிக் கிளெமெண்டும் இயன் லா ஃப்ரெனேயும் எழுதிய ‘தி லைக்லி லாட்ஸ்’ என்ற தொடரின் முதல் பாகம் ஒளிபரப்பாயிற்று. நியூகாஸில் பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பாப், டெர்ரி என்ற இரண்டு வாலிபர்கள் அதில் நமக்கு அறிமுகமாகும்போது, ஸ்பெயினில் விடுமுறையைக் கழித்துவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். போனதைக் காட்டவில்லை, திரும்புவதைத்தான் காட்டினார்கள். ஸ்பெயினுக்குப் படக்கருவியோடு போகச் செலவு அதிகம் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அந்தச் சிக்கனத்துக்குள் ஒரு சத்தியம் ஒளிந்திருந்தது. ஸ்பெயின் அவர்களுக்குப் பேச்சாகவே இருந்தால் போதும், ஊராக இருக்க வேண்டிய அவசியமில்லை.

அந்தச் சத்தியத்தின் உச்சியைத் தொட்டவர்கள் மான்ட்டி பைத்தான் குழுவினர். 1972ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி ஒளிபரப்பான ஒரு நிகழ்ச்சியில், எரிக் ஐடில் ஒரு பிரயாண ஏஜெண்டின் ஆபீசுக்குள் நுழைகிறார். அவர் ஏற்ற பாத்திரத்தின் பெயர் ஸ்மோக்-டூ-மச், அதாவது ‘அதிகம் புகைபிடிப்பவர்’. ஆங்கில நெடுங்கணக்கின் மூன்றாம் எழுத்தான ‘சி’ அவர் நாக்குக்கு வராது. அதற்குப் பதில் ‘பி’தான் வரும். ‘சி’க்குப் பதிலாகக் ‘கே’ என்ற எழுத்தை உபயோகிக்கலாமே என்று ஏஜெண்டாக வரும் மைக்கேல் பேலின் யோசனை சொன்னதும், இத்தனை வருஷமாக இது தோன்றவில்லையே என்று அவர் பிரமித்துப் போகிறார். அதன்பின் பிடித்துக்கொள்கிறது வெள்ளம். மொத்தக் கட்டணச் சுற்றுலாக்களில் தம் தேசத்தார் அடிக்கும் கூத்துக்களையெல்லாம், பேருந்தில் அடைபட்டுப் போவதிலிருந்து, தேநீர் சரியில்லையென்று முனகுவது, ஊர் பத்திரிகையைத் தேடுவது, வெயிலில் கருகித் தோலுரிவது, எந்த ஊரிலும் வாட்னீஸ் ரெட் பேரல் என்ற தம் ஊர்ப் பீரையே கேட்டுக் குடிப்பது வரை, மூச்சு விடாமல் கொட்டித் தீர்க்கிறார். நிறுத்தச் சொன்னால் நிறுத்துவதில்லை. நிகழ்ச்சியே அவரைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது.

இந்தப் பிரசங்கத்தின் வேகத்தில் பார்ப்பவர்கள் தவறவிடக்கூடிய ஒரு நுட்பம் உண்டு. பிறர் டம்பத்தை இத்தனை விவரமாக அறிந்து வைத்திருக்கும் இந்த மனிதர், அதே மாதிரி ஒரு விடுமுறையை விசாரிக்கத்தான் அந்த ஆபீசுக்கு வந்திருக்கிறார். தான் மட்டும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவனல்ல என்பது அவருடைய உறுதியான அபிப்பிராயம். கூட்டத்திலுள்ள ஒவ்வொருவருக்கும் அதே அபிப்பிராயம் உண்டு என்பது வேறு விஷயம். லஃப்பரோவுக்குத் தாமஸ் குக் விட்ட மதுவிலக்கு ரயில், நூற்று முப்பத்தோர் ஆண்டுகளில், ஸ்பெயின் கடற்கரையில் ஒரு பீர் பீப்பாயண்டை வந்து நின்றுவிட்டது என்பதையும் இவர் வாய்மொழியாகவே தெரிந்துகொள்கிறோம். இவ்வளவும் நடந்து முடிந்தபோது ஸ்மோக்-டூ-மச் ஏஜெண்டின் ஆபீசை விட்டு ஓர் அடிகூட நகரவில்லை.

அடுத்த மாதமே ‘கேரி ஆன் அப்ராட்’ என்ற திரைப்படம் வெளிவந்தது. இது தொலைக்காட்சியைச் சேர்ந்ததல்ல என்றாலும், சிட் ஜேம்ஸும் கென்னத் வில்லியம்ஸும் நடித்த அந்தப் படத்தைக் குறிப்பிடாமல் போவது சரியல்ல. கட்டி முடிக்காத ஒரு விடுதியில், குழாயில் தண்ணீர் வராமலும் வரக்கூடாத இடத்தில் வந்தும் பிரயாணிகள் அவஸ்தைப்படும் அந்த எல்ஸ்பெல்ஸ் என்ற கற்பனைக் கடற்கரை, பைன்வுட் ஸ்டூடியோவின் வளாகத்துக்குள்ளேயே எழுப்பப்பட்டது. அந்தப் படம் கொட்டகைகளில் ஓடிக்கொண்டிருக்கையில், 1973ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி, பிரிட்டன் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் அங்கத்தினராயிற்று. சட்டப்படி ஐரோப்பாவுக்குள் பிரவேசித்த அதே பருவத்தில், சிரிப்பில் ஐரோப்பாவை ஒரு ஸ்டூடியோ முற்றத்தில் கட்டி வைத்துக்கொண்ட ஒரு ஜாதியின் மனநிலையை இதைவிடச் சுருக்கமாக ஒரு சரித்திராசிரியனாலும் சொல்ல முடியாது.

இப்போது இந்த அத்தியாயத்தின் மையமான தொடருக்கு வருகிறோம். ‘டியூட்டி ஃப்ரீ’ என்ற அந்தத் தொடரை யார்க்‌ஷயர் தொலைக்காட்சிக் கம்பெனி தயாரித்து, ஐ.டி.வி.யில் 1984 முதல் 1986 வரை ஒளிபரப்பியது. எழுதியவர்கள் எரிக் சாப்பெலும் ஜீன் வாரும். சாப்பெல் எழுத்தாளராவதற்கு முன் பல ஆண்டுகள் கிழக்கு மிட்லண்ட்ஸ் மின்சார வாரியத்தில் கணக்குத் தணிக்கையாளராக இருந்தவர். ஒரு வாடகை வீட்டுச் சொந்தக்காரனின் அற்ப கௌரவங்களைப் பற்றி எழுபதுகளில் அவர் எழுதிய ‘ரைஸிங் டாம்ப்’ என்ற தொடரை முன்னர் ஓர் அத்தியாயத்தில் பார்த்திருக்கிறோம். ஒருவன் வாயால் சொல்லும் வரவுக்கும் அவனிடம் உள்ள இருப்புக்கும் எத்தனை வித்தியாசம் என்று கண்டுபிடிப்பதுதான் தணிக்கையாளரின் தொழில் என்றால், சாப்பெல் வேலையை விட்டாரே ஒழியத் தொழிலை விடவில்லை.

கதை இதுதான். டேவிட் பியர்ஸ் என்பவருக்கு ஆட்குறைப்பில் வேலை போய்விடுகிறது. நஷ்ட ஈடாகக் கைக்கு வந்த பணத்தை வைத்துக்கொண்டு, வருகிற காலத்துக்குச் சேமிக்காமல், மனைவி ஏமியை அழைத்துக்கொண்டு ஸ்பெயினின் மார்பெய்யா நகரத்துக்கு உல்லாசமாகப் புறப்பட்டுவிடுகிறார். அதே விடுதியில் வந்து இறங்குகிறார்கள் ராபர்ட் காக்ரனும் அவர் மனைவி லிண்டாவும். வசதியும் வளர்ப்பும் உள்ள மேட்டுக்குடித் தம்பதி. டேவிடுக்கும் லிண்டாவுக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு மயக்கம் ஏற்படுகிறது. அந்த மயக்கத்தை நிறைவேற்றிக்கொள்ள அவர்கள் செய்யும் எத்தனம் ஒவ்வொன்றும், கதவுக்குப் பின்னாலோ மேஜைக்கு அடியிலோ அலமாரிக்குள்ளோ ஒளிய நேர்ந்து கெட்டுப்போவதுதான் வாரந்தோறும் நடப்பது. கீத் பாரன் டேவிடாகவும், க்வென் டெய்லர் ஏமியாகவும், ஜோயானா வான் கைஸெம் லிண்டாவாகவும், நீல் ஸ்டேஸி ராபர்ட்டாகவும் நடித்தார்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் பழைய நாடகக் கொட்டகையின் கதவுச் சேஷ்டைகள்தாம். ஆனால் இதில் இரண்டு விதமான டம்பங்கள் எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதைக் காண வேண்டும். ராபர்ட்டின் டம்பம் பிதுரார்ஜிதம். அதைக் காட்டிக்கொள்ள வேண்டுமென்ற நினைப்பே அவருக்கு இல்லை, மூச்சு விடுவதுபோல அது தானே வருகிறது. டேவிடின் டம்பமோ வாடகைக்கு எடுத்தது. இரண்டு வாரத்தில் திருப்பிக் கொடுத்தாக வேண்டியது. அந்நிய ஊரில் தம்மை யாருக்கும் தெரியாது என்ற தைரியத்தில் டேவிட் பெரிய மனிதராக உலாவத் தொடங்கும்போதெல்லாம், அவரை இருபத்துநான்கு மணி நேரமும் தெரிந்த ஒரே ஜீவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு வார்த்தையில் அவரைத் தரையிறக்கிவிடுகிறது. ஏமிதான் இந்தத் தொடரின் தணிக்கையாளர். உள்ளூரில் இந்த இரண்டு குடும்பங்களும் ஒரே தெருவில் வசிக்க மாட்டா. ஒரே கடையில் சாமான் வாங்க மாட்டா. மொத்தக் கட்டணம் என்ற சமத்துவம் அவற்றை ஒரே நீச்சல் குளத்தங்கரையில் கொண்டுவந்து உட்கார வைத்தது. லீவருக்கு ஃப்ளாரென்ஸில் ஏற்பட்ட அதே எரிச்சல், நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின் மார்பெய்யாவில், நீச்சலுடை அணிந்துகொண்டு வருகிறது.

மார்பெய்யா என்றா சொன்னேன்? தொடரின் மிகப் பெரும் பகுதி படமாக்கப்பட்டது இங்கிலாந்தின் வடக்கே, லீட்ஸ் நகரத்தில், கிர்க்ஸ்டால் சாலையிலிருந்த யார்க்‌ஷயர் தொலைக்காட்சியின் ஸ்டூடியோவில். வெண்சுவர்களும் தாழ்வாரமும் மேஜை நாற்காலிகளும் அங்கே தச்சர்கள் அமைத்தவை. மத்தியதரைக் கடலின் சூரியன் அங்கே கூரையிலிருந்து தொங்கிய விளக்கு வரிசை. சிரிப்பு, எதிரே படிப்படியான ஆசனங்களில் அமர்ந்திருந்த உள்ளூர் ஜனங்களின் சிரிப்பு. பிரத்தியட்ச ஸ்பெயினை அந்தத் தொடர் ஒரு கிறிஸ்துமஸ் விசேஷ நிகழ்ச்சிக்காகத்தான் எட்டிப் பார்த்தது. இதை ஒரு குறையென்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. டேவிடும் ராபர்ட்டும் கண்ணைத் திறந்து பார்க்காத ஒரு தேசத்தை, படக்கருவி மட்டும் எதற்காகத் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும்? கங்கையில் மூழ்கினாலும் காக்கை அன்னமாகாது என்பார்கள். இந்தக் காக்கைக்குக் கங்கையையே வீட்டுத் தொட்டியில் நிரப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்தத் தொட்டி ஸ்பெயினில் உண்மையாகவே ஸ்பானியனாக நிற்க வேண்டியவன் ஒருவன் உண்டு. அவன் பரிசாரகன் கார்லோஸ். மானுவெலைப்போல அடி வாங்குகிறவன் அல்லன் இவன். யார் யாருடைய அறையிலிருந்து வருகிறார்கள், யார் யாரைத் தேடுகிறார்கள் என்பதெல்லாம் தட்டோடு வந்து போகிற இவன் கண்ணில் படாமலிராது. பத்தாண்டுகளுக்குள் ஆங்கில ஹாஸ்யம், ஸ்பானியப் பரிசாரகனைச் சிரிப்புக்கு இலக்கான இடத்திலிருந்து, சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கும் இடத்துக்கு மெல்ல நகர்த்தியிருக்கிறது. இதற்கு ஒரு வேடிக்கையான பின்னுரையும் உண்டு. ஃபால்டியின் கதையை ஸ்பெயினில் அந்நாட்டு மொழியில் குரல் மாற்றி ஒளிபரப்பியபோது, மானுவெலை இத்தாலியனாக்கிவிட்டார்கள். தன்னைப் பார்த்துப் பிறர் சிரிப்பதை அண்டை வீட்டுக்குத் தள்ளிவிடும் சாமர்த்தியம் ஆங்கிலேயருக்கு மட்டும் உரியதல்ல.

எண்பதுகளில் இந்த வழியில் வேறு சிலரும் நடந்தார்கள். ‘ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்ஸஸ்’ தொடரின் லண்டன் தெரு வியாபாரி டெல் பாய் 1982இல் தம்பியையும் பாட்டனாரையும் கூட்டிக்கொண்டு பெனிடார்முக்குப் போனார். தப்புத் தப்பான பிரெஞ்சு வார்த்தைகளை உதிர்த்தால் கனவானாகிவிடலாம் என்று நம்பிய அந்த மனிதருடைய டம்பத்தில் வஞ்சகம் இல்லாதபடியால், ஜனங்கள் அதை மன்னித்தார்கள். ஆனால் டம்பத்தை ஒரு தவமாகவே அனுஷ்டித்த ஒரு ஸ்திரீ ரத்தினம் அடுத்த பத்தாண்டில் வந்தாள்.

ராய் கிளார்க் எழுதி, பி.பி.சி. 1990 முதல் 1995 வரை ஒளிபரப்பிய ‘கீப்பிங் அப் அப்பியரன்ஸஸ்’ தொடரின் ஹையஸிந்த்தைத்தான் சொல்கிறேன். அவளுடைய புருஷன் வீட்டுக் குடும்பப் பெயர் ‘பக்கெட்’, அதாவது வாளி. அவளோ அதைப் ‘பூக்கே’ என்றே உச்சரிக்க வேண்டுமென்று ஊரையெல்லாம் நிர்ப்பந்திக்கிறாள். ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் வாளியைப் பூச்செண்டாக்கிவிடுகிற இந்த ரஸவாதம்தான் அவளுடைய வாழ்க்கை முழுவதும். பாட்ரீஷியா ரூட்லெட்ஜ் என்ற மகா நடிகை அந்தப் பாத்திரத்துக்கு உயிர் கொடுத்தார். 1993ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் விசேஷ நிகழ்ச்சியில், அவளும் அவளுடைய சாதுவான கணவன் ரிச்சர்டும் ‘க்வீன் எலிசபெத் 2’ என்ற பிரசித்தமான கப்பலில் யாத்திரை போகிறார்கள். சீமான்களோடு சமமாகச் சாப்பிட்டு, ஊர் திரும்பி அதை ஆயுள் முழுவதும் சொல்லிக்கொண்டிருக்கலாம் என்பது அவள் சங்கல்பம். கப்பலில் அவள் கண்ணில் படுவது யார்? பனியனோடு சாய்வு நாற்காலியில் கிடந்து பீர் குடிக்கும் ஆன்ஸ்லோ. அவளுடைய தங்கை டெய்ஸியின் புருஷன். உலகத்தின் கண்ணிலிருந்து எந்த உறவை மறைப்பதற்காக அவள் பாடுபட்டாளோ அந்த உறவு. அவனும் டெய்ஸியும் ஒரு பரிசுப் போட்டியில் ஜெயித்து அதே கப்பலுக்கு வந்துவிட்டார்கள்.

கப்பல் என்பதைக் கவனியுங்கள். காசிக்குப் போனாலும் கருமம் தொலையாது என்ற பழமொழிக்கு இதைவிட நல்ல உதாரணம் அகப்படாது. ஏனெனில் இங்கே கருமம், காசி யாத்திரையின் வண்டியிலேயே முன்கூட்டி ஏறி உட்கார்ந்திருக்கிறது. கோபன்ஹேகன் நகரம் சில காட்சிகளில் வந்து போகிறது. ஆனால் ஹையஸிந்த்துக்கு டென்மார்க் தேசம் ஒரு பொருட்டல்ல. அவள் நடந்ததெல்லாம் கிளைட் நதிக்கரையில் கட்டப்பட்டு, ராணியின் பெயர் சூட்டப்பட்டு, ஆங்கிலத் தேநீரும் ஆங்கில அந்தஸ்து வரிசையும் சுமந்து மிதக்கும் ஒரு துண்டு இங்கிலாந்தின்மேல்தான். ஸ்மோக்-டூ-மச் ஆபீசை விட்டு நகரவில்லை. டேவிட் லீட்ஸை விட்டு நகரவில்லை. இவள் நகர்ந்தாள், ஆனால் இங்கிலாந்தையும் கூடவே நகர்த்திக்கொண்டு போனாள்.

இப்படியே போய்க்கொண்டிருந்த சங்கிலி 1998இல் ஓர் எதிர்பாராத கையில் மாட்டிக்கொண்டது. பிரிட்டனில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினரான சஞ்சீவ் பாஸ்கர், மீரா சியால், குல்விந்தர் கீர், நீனா வாடியா ஆகிய நால்வர், வானொலியில் வெற்றி கண்ட தங்கள் ‘குட்னஸ் கிரேஷஸ் மீ’ நிகழ்ச்சியை அந்த ஆண்டு பி.பி.சி. தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தார்கள். அதில் ஒரு சிறு காட்சி. பம்பாயில் வெள்ளிக்கிழமை இரவு. குடித்துவிட்டு வந்த இந்தியக் கும்பல் ஓர் ‘இங்கிலீஷ்’ சாப்பாட்டுக் கடைக்குள் நுழைகிறது. வெள்ளைக்காரப் பரிசாரகனின் பெயரை வேண்டுமென்றே கடித்துத் துப்புகிறார்கள். இருப்பதிலேயே காரமும் மணமும் இல்லாத சப்பென்ற பதார்த்தம் எது என்று வீராப்பாக விசாரிக்கிறார்கள். சிப்ஸைத் தட்டுத் தட்டாக வரவழைக்கிறார்கள். பிரிட்டிஷ் நகரங்களின் இந்தியச் சாப்பாட்டுக் கடைகளில் வாரந்தோறும் நடப்பதைக் கண்ணாடியில் திருப்பிக் காட்டியதன்றி வேறொன்றும் செய்யவில்லை. அதே நிகழ்ச்சியின் மற்றோர் இடத்தில் இந்திய மாணவர்கள் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஞானம் தேடி இங்கிலாந்தைச் சுற்றி வருகிறார்கள். ஆளும் ஊரும் இடம் மாறின. முகர்ந்து பார்க்கும் மூக்கும் உரத்துப் பேசும் வாயும் மாறவில்லை. ஆங்கிலேயர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஸ்மெல்ஃபங்கஸின் ஆசனம் எந்த ஜாதிக்கும் சாசனம் செய்து கொடுக்கப்பட்டதல்ல, காசு கொடுத்து உட்காருகிற எவனுக்கும் அது பொருந்தும் என்பதை அந்த நால்வர் தெரிவித்துவிட்டார்கள். அதைப் பார்த்துச் சிரித்த நம்மவர்கள், சிரித்து முடித்தபின், அடுத்த யாத்திரைக்காகக் கட்டி வைத்திருந்த தங்கள் கட்டுச்சோற்று மூட்டையை ஒருமுறை திரும்பிப் பார்த்திருந்தால் ஆச்சரியமில்லை.

பைக்குள் இருப்பது பிரயாணச் செலவுக்கு எண்ணிய சில்லறையானால் டம்பம் இத்தோடு போகிறது. சர்க்கார் கஜானாவே பையானால்? ‘எஸ் மினிஸ்டர்’ தொடரில், மந்திரி ஜிம் ஹாக்கரும் அவருடைய காரியதரிசி ஸர் ஹம்ப்ரியும், ஒரு பெரிய வியாபார ஒப்பந்தத்தின் பேரில், குமரான் என்ற கற்பனை அரபு நாட்டுக்குப் பரிவாரத்தோடு எழுந்தருளுகிறார்கள். அந்நாட்டில் மது கடுமையாக விலக்கப்பட்டிருக்கிறது. தாமஸ் குக் உயிரோடிருந்தால் ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பார். ஆனால் விருந்து மண்டபத்தின் பக்கத்து அறையில், தேசத்தின் அவசரத் தகவல்களைப் பெறுவதற்கென்று பிரிட்டிஷ் அதிகாரிகள் ஒரு செய்தித் தொடர்பு அறை அமைக்கிறார்கள். மந்திரிக்கு ஜான் வாக்கர் என்பவரிடமிருந்து செய்தி வந்திருப்பதாகவும், ரஷ்ய ஸ்தானிகராலயத்திலிருந்து ஸ்மிர்னாஃப் என்பவர் அழைப்பதாகவும் அடிக்கடி காதில் வந்து சொல்கிறார்கள். மந்திரியும் ஒவ்வொரு முறையும் மிகுந்த கடமையுணர்ச்சியோடு எழுந்து போகிறார். அந்த அறைக்குள் நடந்ததை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)